அம்மாவின் தீசிஸும் என் லேடெக்கும்

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் அம்மா சிதம்பரத்திலிருந்து வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல், "இனிமே வேர்டுல அடிச்ச தீசிஸ வாங்க மாட்டாங்களாம்" என்றாள். நீங்கள் இருவரும் அப்போது டிவி ரிமோட்டுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். அதனால் இது உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. அம்மா எப்படி டாக்டர் பட்டம் வாங்கினாள் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அவள் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். ஆகவே நான் எழுதுகிறேன். எழுதுவது என் தொழில் அல்ல. மற்றவர் எழுதியதை டைப் அடிப்பதுதான் என் தொழில்.

தீசிஸ் என்றால் ஆய்வேடு. ஒரு விஷயத்தைப் பல வருஷம் யோசித்து, இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டுபிடித்து, அதைப் புத்தகமாக எழுதிக் கொடுத்தால் டாக்டர் பட்டம் தருவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. இது வேறு. உங்கள் அம்மா பகலில் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். சனிக்கிழமைகளில் பஸ் ஏறி சிதம்பரம் போய், அங்கே பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்தாள். அவளுடைய ஆராய்ச்சி புள்ளிகளையும், புள்ளிகளைச் சேர்க்கும் கோடுகளையும் பற்றியது. இதைக் கேட்ட உங்கள் தாய்மாமன், "கோலத்துக்கா அக்கா டாக்டர் பட்டம் தராங்க?" என்றான். அதற்கு அப்புறம் அம்மா கொஞ்ச நாள் அவனோடு பேசவில்லை.

விஷயம் இதுதான். ஆராய்ச்சி செய்யப் பெயரைப் பதிவு செய்தால் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. அம்மாவின் கெடு ஏற்கெனவே முடிந்து, ஒரு தடவை நீட்டித்துக் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது தடவை நீட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. வேண்டுமானால் மறுபடியும் பெயரைப் பதிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். கணக்கெல்லாம் முடிந்துவிட்டது. கோடு போடாத வெள்ளைத்தாளில் ஐந்து அத்தியாயமும் அம்மாவின் கையெழுத்தில் தயாராக இருந்தது. அடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில்தான் கைடு மேடம் வேர்டு கூடாது, லேடெக்கில்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். கைடு என்றால் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர்.

"நான் அடிச்சுத் தரேன்" என்றேன்.

"லேடெக்னா இன்னான்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"அப்புறம்?"

"அடிக்கறதுதானே."

தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன் நான். படிப்பு பிளஸ் டூ. கணக்கில் வாங்கிய மார்க்கை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை. கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடையின் முன்பக்கத்தில் எனக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர் என்று நடக்கிறது. மனு, அஃபிடவிட், கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் எது கொடுத்தாலும் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டேன். படித்தால் வேகம் குறையும். சில சமயம் வருத்தமாகவும் இருக்கும்.

லேடெக்கை உங்கள் மாமன்தான் பென் டிரைவில் கொண்டுவந்தான். சிதம்பரத்தில் அவனுக்கு மொபைல் ரிப்பேர் கடை. அங்கே நெட் வேகம். என் மேஜையில் வைத்து இன்ஸ்டால் செய்துகொண்டே, "இது ஃப்ரீ மாமா" என்றான்.

"டிரையலா? கொஞ்ச நாள்ல நின்னுடுமா?"

"நிக்காது. ஓப்பன் சோர்ஸ். உலகத்துல எங்கெங்கயோ இருக்கறவங்க எழுதி வச்சிருக்காங்க. யாரு வேணா எடுத்துக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்காங்கன்னும் தொறந்து பாக்கலாம்."

"எழுதிக்கொடுத்தவர் யாரு?"

"நெறைய பேரு மாமா."

"எழுதி வாங்கறது?"

"நீங்கதான்."

"சாட்சி?"

"மாமா, இது மனைக்கட்டு இல்ல. நெக்ஸ்ட் அழுத்துங்க."

அழுத்தினேன். ஓப்பன் சோர்ஸை உங்களுக்கு இப்படிச் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரர் குழம்பு கொடுக்கிறார். கூடவே என்னென்ன போட்டு வைத்தோம் என்பதையும் எழுதிக் கொடுக்கிறார். உப்புக் குறைவு என்றால் நீங்களே கூட்டிக்கொண்டு, அதை இன்னொரு வீட்டுக்கும் கொடுக்கலாம். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு ஷரத்தை நான் எந்தப் பத்திரத்திலும் அடித்ததில்லை. ஏதாவது பின்விளைவு இருக்குமோ என்று கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

மற்ற மென்பொருளில் நாம் அடிக்க அடிக்க எழுத்து தாளில் எப்படி வருமோ அப்படியே திரையில் தெரியும். லேடெக் அப்படி இல்லை. அங்கே நாம் கட்டளை எழுத வேண்டும். இது தலைப்பு, இது அத்தியாயம், இங்கே ஒரு பின்னம் என்று எழுதிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால், அது எல்லாவற்றையும் படித்து, தானே இடம் பார்த்து அடுக்கி, தாளாகக் கொடுக்கும். எந்த வரி எங்கே முடிய வேண்டும் என்பதை நாம் சொல்லக் கூடாது. அது நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்ளும் என்று பயிற்சி வீடியோவில் ஒருவர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அம்மாவின் தேதி வந்துகொண்டிருந்தது.

அந்த வீடியோவைப் பார்த்து ஒரு சின்ன மாதிரி அடித்தேன். நான்கைந்து வரிதான். முதலில் டாக்குமென்ட் கிளாஸ் என்று ஒரு வரி. அப்புறம் பிகின் டாக்குமென்ட். அப்புறம் 'வணக்கம்' என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வார்த்தை. கடைசியில் எண்ட் டாக்குமென்ட். பட்டனை அழுத்தினேன். சிவப்பில் ஒரு வாசகம் வந்தது. பிகின் டாக்குமென்ட்டைக் காணோம் என்பது அதன் சாரம்.

காணோமா? கண்ணெதிரே இருந்தது. பார்த்து அடித்த வரி. அதற்குத் தெரியவில்லையோ என்று இன்னொரு தடவையும் அடித்து வைத்தேன். இப்போது காணாமல் போனவை அதிகமாகின.

உங்கள் மாமனுக்குப் போன் செய்தேன். அழித்துவிட்டு மறுபடியும் இன்ஸ்டால் செய்யச் சொன்னான். செய்தேன். அதே சிவப்பு. ஃபைலை அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். அவன் கடை லேப்டாப்பிலும் அதே சிவப்பு. "எல்லாம் கரெக்டாதான் மாமா இருக்குது" என்றான். வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். அவள் கணக்கு டீச்சர், அடைப்புக்குறி விஷயத்தில் கறார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, "தொறந்தது எல்லாம் மூடியிருக்கு. தப்பு இல்ல" என்றாள். மூன்று பேர் பார்த்து மூன்று பேரும் தப்பில்லை என்று சொன்ன பிறகு, இது அந்த மென்பொருளை எழுதியவர்களின் பிழை என்று முடிவுக்கு வந்தேன். அவர்கள் யார் யாரென்று தெரியாததால் சொல்லவும் வழியில்லை.

அடுத்த சனிக்கிழமை நானும் அம்மாவோடு சிதம்பரம் போனேன். மாமன் கடையில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மத்தியானம் அம்மா கைடு மேடத்தைப் பார்த்துவிட்டு, கூடவே ஒரு பெண்ணை அழைத்துவந்தாள். அம்மாவோடு ஆராய்ச்சி செய்யும் பெண். ஊர் கிள்ளை. கிறிஸ்தவக் குடும்பம். தன் ஆய்வேட்டை அவளே லேடெக்கில் அடித்து முடித்தவள். போனுக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்ட வந்தவளிடம் அம்மா, "இத கொஞ்சம் பாரேன்" என்று லேப்டாப்பைத் திருப்பினாள்.

அந்தப் பெண் பார்த்தாள். "அண்ணா, மொதல் வரில என்னமோ இருக்கே?"

"எங்க?"

"தோ, மேல. உ-ன்னு."

நாங்கள் மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்.

"அது ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

"அது புள்ளையார் சுழிங்க" என்றான் மாமன்.

"அது தெரியும். இங்க எதுக்கு?"

"எல்லாத்துலயும் போடறதுதானே."

அவள் அதை அழித்தாள். பட்டனை அழுத்தினாள். வெள்ளைத்தாள் ஒன்று திரையில் வந்து, அதில் 'வணக்கம்' என்று இருந்தது.

மாமன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"டாக்குமென்ட் கிளாஸுக்கு முன்னாடி எதுவும் இருக்கக் கூடாது அண்ணா" என்றாள் அவள். "அதான் மொதல்ல."

"புள்ளையாருக்கும் முன்னாடியா?" என்றான் மாமன்.

"இதுல அப்பிடித்தான்."

"நீங்கல்லாம் ஒண்ணும் போட மாட்டீங்களா?"

"எங்க வீட்டுல கடுதாசி எழுதுனா சின்னதா சிலுவ போடுவாங்க. கம்ப்யூட்டர்ல போட்டதில்ல."

டைப் அடிக்கப் பழகிய நாளிலிருந்து எந்தத் தாளிலும் என் விரல் முதலில் அடிப்பது அந்த உ-வைத்தான். மனுவிலும் சரி, மளிகைச் சாமான் எழுதும்போதும் சரி. அடித்தேன் என்பதே எனக்குத் தெரியாது. உங்கள் மாமனுக்கும் அம்மாவுக்கும் அது எழுத்தாகவே படவில்லை. தாளோடு பிறந்தது மாதிரி இருந்திருக்கிறது.

உ இல்லாமல் ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்ணே ஒரு வழி சொன்னாள். வரியின் தொடக்கத்தில் பர்சன்ட் குறி போட்டால், லேடெக் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். நமக்காக எழுதிக்கொள்ளும் குறிப்புகளுக்கு அதுதான் ஏற்பாடு. பர்சன்ட் குறி போட்டு, பக்கத்தில் உ போட்டேன். பட்டனை அழுத்தினேன். வணக்கம் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைப் பற்றி எனக்கும் அம்மாவுக்கும் ஒரு விவாதம் நடந்தது.

"சாமிக்கு முன்னாடி போயி, இத படிக்காதேன்னு குறி போடறோமே, சரியா?" என்றேன்.

"படிக்காதேன்னு மெஷினுக்குதானே சொல்றீங்க?"

"அப்ப அந்த வரி இருந்தும் இல்லாத மாதிரிதானே?"

அம்மா யோசித்தாள். கணக்கு போடும்போது மேல் உதட்டை மடித்துக்கொள்வாளே, அப்படி. "படிக்காத வரிதான். இல்லாத வரி இல்ல" என்றாள். எனக்குச் சமாதானமாகிவிட்டது.

அன்றிலிருந்து வேலை ஓடியது. மனுவுக்கும் மனுவுக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் அம்மாவின் தாள்களை அடித்தேன். இதில் ஒரு சங்கடம். நான் படிக்காமல் அடிப்பவன் என்று சொன்னேன் அல்லவா? லேடெக்கில் அது நடக்காது. மேலே ஒரு குட்டி எழுத்து இருந்தால் அது அடுக்கா, வெறும் அடையாளமா என்று தெரிந்தால்தான் கட்டளை எழுத முடியும். எனவே ஒவ்வொரு ராத்திரியும் சாப்பாட்டுக்கு முன்னால் அம்மாவிடம் கேட்பேன். அவள் மாவு கரைத்துக்கொண்டே பதில் சொல்வாள். "அது அடுக்கு இல்லைங்க. அந்தப் புள்ளிலேந்து எத்தினி கோடு கெளம்புதுன்னு அர்த்தம்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளும் அதை எனக்குச் சொல்ல வேண்டிய விஷயமாக நினைத்திருக்கவில்லை.

பழக்கம் மாறினால் எல்லா இடத்திலும் மாறும். ஒரு விவசாயிக்கு நிலம் வாங்கும் ஒப்பந்தம் அடித்துக் கொடுத்தேன். அவர் தாளின் உச்சியைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, மேலயே பர்சன்ட் போட்டிருக்கு? யாருக்கு? எத்தினி?" என்றார். உ-வுக்கு முன்னால் என் விரல் தானாகப் பர்சன்ட்டையும் அடித்திருக்கிறது. தரகருக்குத் தெரியாமல் யாருக்கோ கமிஷன் போகிறது என்று அவர் நினைத்துவிட்டார். தரகரும் அப்படியே நினைத்தார். இருவரையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, வேறு தாள் அடித்துத் தந்தேன்.

ஐந்து அத்தியாயமும் முடிந்ததும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கைடு மேடத்திடம் போனோம். அது சனிக்கிழமை. அம்மாவின் கெடு முடிய ஒரு வாரமும் அதற்கடுத்த திங்கட்கிழமையும்தான் இருந்தன. மேடம் நல்லவர். என்னையும் உட்காரச் சொன்னார். தாள்களைப் புரட்டினார். நின்றார். மறுபடியும் புரட்டினார்.

"இந்தக் கோடெல்லாம் எதுக்கு?" என்றார்.

பத்திரம் அடிக்கும் பழக்கம் உங்களுக்குத் தெரியாது. பத்திரத்தில் ஒரு வரி பாதியில் முடிந்தால் மிச்ச இடத்தைக் கோடு போட்டு அடைத்துவிடுவோம். பக்கம் பாதியில் முடிந்தாலும் அப்படித்தான். காலி இடம் விட்டால் பின்னால் யாராவது எதையாவது நுழைத்துவிடலாம். வரியின் மிச்சத்தைக் கோட்டால் நிரப்ப லேடெக்கில் ஒரு கட்டளை உண்டு. அதை யாரும் சொல்லித் தரவில்லை. நானே தேடிக் கண்டுபிடித்தேன். அந்த மென்பொருளை எழுதியவர்களில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவராவது இருந்திருக்க வேண்டும் என்று சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அதைப் போட்டிருந்தேன்.

"காலி எடம் விட்டா யாராவது சேத்துடுவாங்க மேடம்" என்றேன்.

"யாரு சேப்பாங்க?"

"யாராவது."

"என்னத்த சேப்பாங்க?"

நான் யோசித்தேன். "ஒரு தேற்றத்த சேத்துட்டா?"

"சேத்தா நல்லதுதானே" என்றார் மேடம்.

அம்மா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. மேடம் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே 'அடித்தல் திருத்தல் இல்லை' என்பதை நான் இங்கிலீஷில் போட்டிருந்தேன். அதையும் எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தையும் எடுக்கச் சொன்னார்.

இதுவரைக்கும் பரவாயில்லை. அப்புறம் நான்காவது அத்தியாயத்தை எடுத்து வெகு நேரம் படித்தார். ஒரு இடத்தில் பென்சிலை வைத்தார். "இங்கேருந்து இங்க வர்றது தாவுதேம்மா. நடுவுல ஒரு சின்னத் தேற்றம் வேணும். எக்ஸாமினர் கண்டிப்பா கேப்பாங்க."

அம்மா பார்த்தாள். முகம் மாறியது. "ஆமாம் மேடம். நிரூபிச்சிடலாம். ரெண்டு மூணு நாள் போதும்."

"நிரூபிச்சு அங்க சேத்துடு. பின்னால வர்ற நம்பரெல்லாம் தானா மாறிடும். சார், லேபிள் போட்டுதானே அடிச்சிருக்கீங்க?"

கிள்ளைப் பெண் இதை என்னிடம் முன்பே சொல்லியிருந்தாள். தேற்றங்களுக்கு நம்பரை நாம் அடிக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் லேபிள் என்று ஒரு பெயர் வைக்க வேண்டும். வேறு இடத்தில் அந்தத் தேற்றத்தைக் குறிப்பிட வேண்டுமானால் பெயரைச் சொல்ல வேண்டும். நம்பரை லேடெக்கே எண்ணிப் போட்டுக்கொள்ளும். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் ஒரு பத்திரத்தில் சர்வே நம்பர் ஒரு எண் மாறியதற்காக இரண்டு குடும்பங்கள் கோர்ட்டுக்கு நடப்பதை என் மேஜையிலிருந்தே பார்த்தவன் நான். நம்பரை மெஷின் பொறுப்பில் விட என்னால் முடியவில்லை.

"நம்பரெல்லாம் கையாலதான் மேடம் அடிச்சேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். ஒண்ணுகூட விடல."

நடுவில் ஒன்று நுழைந்தால் பின்னால் வரும் ஒவ்வொரு தேற்றத்தின் நம்பரும் மாறும். அவற்றைக் குறிப்பிடும் ஒவ்வொரு வரியும் மாறும். ஐந்தாவது அத்தியாயம் பூராவும் நான்காவதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. கையால் மாற்றினால் எங்காவது ஒன்று தவறும். தவறிய இடத்தில் அம்மாவின் நிரூபணம் வேறு எதையோ காட்டிக்கொண்டு நிற்கும். பல வருஷம் யோசித்த கணக்கு தப்பு என்று ஆகிவிடும். மாற்றாமல் கொடுத்தாலும் தாவுகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது. புதுச்சத்திரத்தில் பஸ் நின்று, ஆட்கள் இறங்கி, மறுபடி கிளம்பியது.

"இந்த ஸ்டாப்புக்கு நம்பர் இன்னா?" என்றாள் திடீரென்று.

"எந்த ஸ்டாப்புக்கு?"

"புதுச்சத்திரத்துக்கு."

"ஸ்டாப்புக்கு ஏது நம்பர்? புதுச்சத்திரம்னாதான் எல்லாருக்கும் தெரியும்."

"நடுவுல புதுசா ஒரு ஸ்டாப் வந்தா புதுச்சத்திரம் பேரு மாறிடுமா?"

"அது எப்பிடி மாறும்?"

"அவ்ளோதாங்க லேபிளு" என்றாள். "நீங்க பேர வச்சுக்கிட்டு வாங்க. எண்ணுறது அதோட வேல."

கடலூர் வருவதற்குள் நான்காவது அத்தியாயத்தின் தேற்றங்களுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டோம். கடலூர் ஓ.டி., காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், சிதம்பரம். ஸ்டாப் போதவில்லை. ஐந்தாவது அத்தியாயத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியை எடுத்துக்கொண்டோம். புதிதாக நுழைய வேண்டிய சின்னத் தேற்றம் புதுச்சத்திரத்துக்கும் பி.முட்லூருக்கும் நடுவில். அதற்குக் கொத்தட்டை என்று பெயர் வைத்தாள்.

"எக்ஸ்பிரஸ் அங்க நிக்காதே" என்றேன்.

"நிப்பாட்டறேன் பாருங்க."

அந்த வாரம் அம்மா ஸ்கூலில் காலி பீரியடிலும், உங்களுக்குத் தலை சீவும்போதும் கொத்தட்டையை நிரூபித்துக்கொண்டிருந்தாள். உங்களில் ஒருத்தி ஒரு நாள் சடை ஒரு பக்கம் மட்டும் பின்னிய நிலையில் பள்ளிக்கூடம் போனாளே, அது அந்த வாரம்தான். நிரூபணம் வியாழக்கிழமை முடிந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை மேஜையில் உட்கார்ந்தேன். கோர்ட் லீவு, யாரும் வர மாட்டார்கள். அம்மாவும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். முதலில் கோடுகளை எடுத்தோம். அப்புறம் நான் ஒவ்வொரு நம்பராக நிறுத்திக் கேட்டேன்.

"இங்க நாலு புள்ளி அஞ்சுன்னு இருக்கு. யாரு இது?"

"பி.முட்லூர்."

"இது?"

"காரைக்காடு. இல்ல, இருங்க. ஆலப்பாக்கம்."

சாப்பாட்டு நேரம் தாண்டி எல்லா நம்பரும் போய், எல்லா இடத்திலும் ஊர்ப்பெயர் வந்தது. பட்டனை அழுத்தினேன். தாள்கள் வந்தன. நம்பர் வரவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டு கேள்விக்குறி இருந்தது. நான்காவது அத்தியாயம் முழுக்க. ஐந்தாவது அத்தியாயம் முழுக்க. "தேற்றம் ??-இன்படி" என்பது மாதிரி.

அம்மா எழுந்து நின்றாள். நான் ஃபைலைத் திறந்து மூடினேன். பெயர்கள் இருந்தன. நம்பர்கள் இல்லை. கையால் அடித்த பழைய நம்பர்களையும் நானே அழித்தாகிவிட்டது. கிள்ளைப் பெண்ணுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் இருப்பாள் போலிருக்கிறது, எடுக்கவில்லை. உங்கள் மாமனுக்குப் போட்டேன்.

"எல்லா எடத்துலயும் கேள்விக்குறியா வருது மச்சான்."

"மறுபடி அழுத்திப் பாத்தீங்களா?"

"எதுக்கு அழுத்தணும்? ஒண்ணும் மாத்தலயே."

"எதுனா ஆவலன்னா மறுபடி அழுத்தறதுதான் மாமா. என் கடையில பாதி ரிப்பேர் அதான்."

அழுத்தினேன். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. எல்லா இடத்திலும் நம்பர். கொத்தட்டை நாலு புள்ளி அஞ்சு ஆகியிருந்தது. பி.முட்லூர் நாலு புள்ளி ஆறுக்குத் தள்ளிப் போயிருந்தது. ஐந்தாவது அத்தியாயத்தில் பி.முட்லூரைச் சொன்ன எல்லா வரியிலும் ஆறு. அம்மா பென்சிலோடு உட்கார்ந்து, பழைய பிரிண்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. முதல் தடவை அழுத்தும்போது லேடெக் எண்ணி மட்டும் வைத்துக்கொள்ளும், இரண்டாவது தடவைதான் எண்ணியதை எடுத்துப் போடும் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மாமனுக்கும் தெரியாது. ஆனால் இன்றுவரை தனக்குத் தெரியும் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

திங்கட்கிழமை காலையில் உங்களைப் பள்ளியில் விட்டுவிட்டு, பிரிண்ட் எடுத்த தாள்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். மாமன் பைண்டிங் கடைக்காரரைச் சீக்கிரமே வந்து கடை திறக்கச் சொல்லியிருந்தான். பசை காய்ந்ததும் காயாததுமாக வாங்கிக்கொண்டு பல்கலைக்கழக ஆபீஸுக்குப் போனோம். மேடம் கையெழுத்துப் போட்டுத் தயாராக வைத்திருந்தார்.

வாங்கும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் பெயரையும் தேதியையும் பார்த்து, "கடைசி நாளாச்சேம்மா" என்றார். ஆய்வேட்டைத் திறந்தார். படிக்கவில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. மேஜை டிராயரிலிருந்து ஒரு ஸ்கேலை எடுத்து, இடது பக்கம் விட்டிருந்த காலி இடத்தில் வைத்து அளந்தார். அங்கங்கே பிரித்து மறுபடியும் அளந்தார். எழுத்து ஓரத்தை விட்டு வெளியே வந்திருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அம்மா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். அந்த இடத்தை நான் விடவில்லை, லேடெக் விட்டது. அவர் ஸ்கேலை டிராயரில் போட்டார். ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றி, அம்மாவிடம் கொடுக்கவேண்டிய ரசீதில் அன்றைய தேதியோடு குத்தினார்.

அம்மா ரசீதை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். இத்தனை வருஷமாக அந்த வளாகத்துக்கு எப்போது வந்தாலும், இதைக் கொண்டு வா, அதைத் திருத்து, அடுத்த வாரம் வா என்று யாராவது சொல்லித்தான் அவளை அனுப்பியிருக்கிறார்கள்.

"அவ்ளோதாம்மா. போலாம்" என்றார் அவர்.

"எங்க போறது?" என்று என்னைக் கேட்டாள் அம்மா.

"நாலு மணிக்குப் புள்ளைங்கள கூப்புடணும்" என்றேன்.

மணியைப் பார்த்துவிட்டு இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினோம்.